அகலக் கால் வைக்காதே!

தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, உடற்கல்வி இயக்குநர் அவர்களே, கோப்பைகளை உபயமாகத் தந்த வணிகப் பெருமக்களே, பந்தல் போட்டுக்கொடுத்த முன்னாள் மாணவர்களே, வணக்கம்.

அமெரிக்கத் தடை ஓட்ட வீரர் ஆல்வின் கிரென்ஸ்லைன் ஓடியது, பயிற்சி தந்தது, அவரிடம் நாம் கற்க வேண்டியது என்று மூன்று செய்திகள் சொல்கிறேன்.

'அகலக் கால் வைக்காதே' என்பார்கள். கடன்காரனுக்குச் சொன்னது தடை ஓட்டக்காரனுக்கும் பொருந்தும். 110 மீட்டரில் பத்துத் தடைகள், உயரம் 1.067 மீட்டர், இடைவெளி 9.14 மீட்டர். நடுவில் மூன்றே எட்டுதான் எடுத்து வைப்பார்கள். எட்டை நீட்டினால் அடுத்த தடை முகத்தருகே வந்துவிடும். ஏறத்தாழ 2 மீட்டர் முன்பே உந்தியிருக்க வேண்டியவன் செங்குத்தாக எம்பித் தொலைப்பான். அந்தக் காலத்தில் காலை மடக்கித் தாவினார்கள். பென்சில்வேனியாவில் பல் மருத்துவம் படித்த கிரென்ஸ்லைன் முன்காலை நேரே நீட்டி, தாவலையே ஓட்டமாக்கினார்.

1900, பாரிஸ் ஒலிம்பிக். நீளம் தாண்டலில் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் மையர் பிரின்ஸ்டைன் 7.175 மீட்டர் தாண்டி முதலிடம். இறுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் யூதர், படித்த சிரக்கியூஸ் பல்கலைக்கழகமோ மெதடிஸ்ட் சபையுடையது, ஞாயிறு ஆடக்கூடாது என்றது. கிரென்ஸ்லைனும் தாண்டமாட்டார் என்று நம்பி ஒதுங்கினார். இவர் போய்த் தாண்டினார்: 7.185! ஒரே ஒரு சென்டிமீட்டர், ஐயா! விஷயம் தெரிந்ததும் பிரின்ஸ்டைன், கிரென்ஸ்லைனின் முகத்தில் குத்துவிட்டதாகவும் சொல்வார்கள். எனக்கென்னவோ குத்து வாங்கியவர் பக்கம் நியாயம் குறைவுதான்.

60 மீட்டர், 110 மீட்டர் தடை, 200 மீட்டர் தடை, இதோடு நான்கு தங்கம். 200 மீட்டர் தடையில் இரண்டாவது வந்தவர் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்டு, கைதட்டலாம்!

பல் பிடுங்குவதை விட்டுவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். 1916 பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஆயத்தப்படுத்த ஜெர்மனி அவரை 50,000 டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு அழைத்தது. போர் வந்து போட்டியே நடக்கவில்லை. கவனியுங்கள், ஜெர்மனி முதலில் பணம் கொடுத்தது ஆளுக்கு!

நாம்? செயற்கை ஓடுதளம் போட அகலக் கால் வைக்கிறோம், பயிற்சியாளர் பணியிடம் காலி. தடையின் அடிக்கால்கள் ஓடிவருபவரை நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் இடித்தால் முன்பக்கம் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, பிள்ளை விழுவான். இதைப் பார்த்துத் திருத்த மைதானத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

முதல்வர் அவர்களே, கல்லூரிக்கு ஒரு முழுநேரத் தடகளப் பயிற்சியாளர். கோரிக்கை மனு மேசைமேல் இருக்கிறது. மூன்றாவது செய்திக்குள் மணியடித்துவிட்டார்கள், பரிசளிப்புக்கு நேரமாகிறது. வணக்கம்.