சேர்த்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

(திரையில்: மேடையில் கல்லறைக் காட்சி. இரண்டு உடல்கள், ஒரு குத்துவாள்.)

ரோமியோவும் ஜூலியட்டும் செத்துப்போனதற்காக இன்று ஷேக்ஸ்பியரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. அழுகிறோம், மூக்கைச் சிந்துகிறோம், நல்ல கதை என்கிறோம். (அந்த இருவரையும் பிழைக்கவைத்து, 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் நாடகம் போட்டவர்களும் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

ஆனால் காதலர்கள் இருவரும் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்து, கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு திசையில் நடந்துவிட்டால்? அப்போது வருகிற கோபமே வேறு. சாவு என்றால் பழியை விதியின் தலையில் போடலாம். இந்தப் பிரிவை எழுதியவர் தலையில்தான் போட முடியும்.

(திரையில்: லண்டன், பிக்காடில்லி வீதி. குதிரை வண்டிகளின் நெரிசல்.)

சார்லஸ் டிக்கன்ஸ் தன் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தன் வார இதழில் தொடராக வெளியிட்டார். ஏழைச் சிறுவன் பிப். அவனை ஏளனம் செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட எஸ்டெல்லா. அவளையே நினைத்து அவன் அரை ஆயுளைத் தொலைக்கிறான்.

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவு இது. பல ஆண்டுகள் கழித்து, நண்பர் ஜோவின் குட்டிப் பையனைக் கையில் பிடித்தபடி பிப் நடந்துபோகிறான். வேலைக்காரன் ஒருவன் பின்னால் ஓடிவந்து, வண்டியில் இருக்கும் ஓர் அம்மாள் பேச விரும்புவதாகச் சொல்கிறான். எஸ்டெல்லாதான். கொடுமைக்காரக் கணவன் இறந்து, ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். கைகுலுக்குகிறார்கள். 'அந்த அழகான குழந்தையைத் தூக்கிக் காட்டு, முத்தமிட வேண்டும்' என்கிறாள். அது பிப்பின் பிள்ளை என்று நினைத்துவிட்டாள் போலும். அவன் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு இந்த முடிவுதான் பிடிக்கும். ஒருகாலத்தில் உயிராக இருந்தவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் இப்படித்தான் இரண்டு நிமிடம் பேசுவார்கள். அதிலும் ஒரு தவறான நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் இது அச்சாகும் முன்பே, நாவலாசிரியரான நண்பர் எட்வர்ட் புல்வர்-லிட்டன் படித்துவிட்டு, கூடாது என்றார். வாசகர்கள் சார்பில் அவரே முன்கூட்டி மனு கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கன்ஸ் மாற்றினார். புதிய முடிவில் இருவரும் இடிந்துபோன பழைய வீட்டின் தோட்டத்தில், பனிமூட்டமான மாலையில் சந்தித்து, கைகோத்து வெளியேறுகிறார்கள். இன்னொரு பிரிவின் நிழல் தனக்குத் தெரியவில்லை என்கிறான் பிப். கல்யாணம் நடந்ததா? டிக்கன்ஸ் சொல்லவில்லை. ஆறுதல் கேட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார். உள்ளே போய் உட்காருவது அவரவர் பாடு. மாற்றியதால் கதை மேலும் ஏற்கத்தக்கதாகும் என்று நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். பழைய முடிவை வெளியே கொண்டுவந்தவரும் அதே ஃபார்ஸ்டர்தான், டிக்கன்ஸ் மறைந்தபின் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றில்.

(திரையில்: காஞ்சிபுரம், ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம்.)

தமிழில் இந்த வழக்கு கல்கியின் பேரில் இருக்கிறது. 'சிவகாமியின் சபதம்' முடிவில் வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. சிவகாமியின் காதலரான பல்லவ மன்னர் மாமல்லருக்கோ ஏற்கெனவே பாண்டிய இளவரசியுடன் மணமாகிவிட்டது. சிவகாமி ஏகாம்பரநாதரையே தலைவனாக வரித்துக்கொள்கிறாள். 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்ற அப்பர் வாக்கைக் கல்கி அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். தேவாரமே சாட்சிக்கு வந்தும் மனம் ஆறாமல் மாமல்லரைத் திட்டிக்கொண்டே புத்தகத்தை மூடுகிறவர்கள் ஏராளம்.

(திரையில்: நாடக அரங்கு. திரைச்சீலை இறங்குகிறது.)

டிக்கன்ஸ் இறங்கிவந்தார். இறங்காதவர் பெர்னார்ட் ஷா. 'பிக்மேலியன்' 1914-இல் லண்டன் மேடைக்கு வந்தது. பூ விற்கும் எலைசாவுக்குச் சீமாட்டிபோலப் பேசக் கற்றுக்கொடுக்கிறார் பேராசிரியர் ஹிக்கின்ஸ். கடைசியில் அவள் அவரை விட்டுப் போகிறாள். ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீக்கு மனம் கேட்கவில்லை. திரை விழும் இடைவெளியில் எலைசாவை நோக்கி ஒரு பூச்செண்டை வீசினார். வசனம் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் கூட்டம் காதலோடு வீடு திரும்பியது. என் முடிவு பணம் கொண்டுவருகிறது, நன்றி சொல்லுங்கள் என்றார் ட்ரீ. உங்களைச் சுட வேண்டும் என்றார் ஷா.

அத்தோடு விடவில்லை. 1916-இல் நீண்ட பின்னுரை எழுதி, எலைசா தன்மேல் காதல்கொண்டு சுற்றிய இளைஞன் ஃபிரெடியை மணந்தாள், பூக்கடை வைத்தாள் என்று கணக்குத் தீர்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் நாடகம் முழுக்க ஹிக்கின்ஸையும் எலைசாவையும் எதிரெதிரே நிறுத்திப் பொறிபறக்கப் பேசவைத்தவரும் ஷாதான். விருந்துக்கு இலை போட்டுவிட்டு, சாப்பாடு பக்கத்து வீட்டில் என்றால் பந்தி சும்மா இருக்குமா? இந்த அதிருப்தியை ரசனைக் குறைவு என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆசிரியர் கதை நெடுகக் கொடுத்த வாக்கைத்தான் வாசகர் நினைவுபடுத்துகிறார். டிக்கன்ஸின் முதல் முடிவில் அந்தக் குறை இல்லை; எஸ்டெல்லாவிடமிருந்து சுகம் கிடைக்கும் என்று அந்த நாவல் எங்குமே நம்பவைக்கவில்லை.

1937-இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பதிப்பு ஒன்று பழைய முடிவோடு வெளிவந்தது. முன்னுரை ஷா. தொடக்கமும் நடுவும் துயரமான நாவலுக்கு வழக்கமான சுபமுடிவு ஓர் அவமதிப்பு என்று அதில் பொரிந்துதள்ளினார்.

மறு ஆண்டே 'பிக்மேலியன்' திரைப்படமானது. அதில் எலைசா ஹிக்கின்ஸின் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். அந்தப் படத்தின் திரைக்கதைக்குத்தான் ஷாவுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.