ஊசி இலவசம், தடையும் இல்லை. ஆனாலும் யாரும் போடவில்லை! ஜப்பானில் என்ன நடந்தது?

70 சதவீதம். சில வருடங்களில் 1 சதவீதத்துக்கும் கீழே. பங்குச் சந்தை இல்லைங்க, ஜப்பானில் பதின்வயதுப் பெண் பிள்ளைகள் ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்ட கணக்கு. அந்த ஊசியை யாரும் தடை செய்யவில்லை, தட்டுப்பாடு இல்லை, காசும் கேட்கவில்லை. அப்புறம் ஏன்?

பின்னணியை ஓட்டிவிடுகிறேன். எச்பிவி என்ற வைரஸ்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது, அந்த வைரஸைத் தடுக்கத்தான் இந்த ஊசி. சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் அம்மாக்களின் வயதில் தாக்குவதால், ஜப்பானில் இந்த நோய்க்கு ‘மதர் கில்லர்’ என்றே பெயர். அவ்வளவுதான் பின்னணி.

[திரையில்: 2013 ஏப்ரல் → 2013 ஜூன்]

2013 ஏப்ரலில் ஜப்பான் இதை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அதே சமயத்தில், ஊசிக்குப் பிறகு கை கால் நடுங்குகிறது, தாங்க முடியாத வலி என்று சில சிறுமிகள் துடிக்கும் காட்சிகள் டிவியில் வரத் தொடங்கின. பார்த்த எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஜூனில் அரசு ஒரு முடிவு எடுத்தது. திட்டத்திலிருந்து ஊசியை எடுக்கவில்லை. ‘முனைந்து பரிந்துரைப்பதை’ மட்டும் தற்காலிகமாக நிறுத்தியது.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் நடைமுறையில் என்ன ஆனது தெரியுமா? உள்ளாட்சியிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம் நின்றுபோனது. வேண்டும் என்பவர்கள் தாங்களே விசாரித்துப் போக வேண்டும். தேடிப் போனவர் கையில் கிடைத்த துண்டறிக்கையிலோ, ‘இந்த ஊசியை இப்போது முனைந்து பரிந்துரைக்கவில்லை’ என்று அரசே அச்சடித்திருந்தது! கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரரே வாசலில் நின்றுகொண்டு ‘நான் கூப்பிடவில்லை, வந்தால் உங்கள் இஷ்டம்’ என்றால் யார் உள்ளே போவார்கள்?

ஒரே வீட்டு அக்கா தங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா 1998இல் பிறந்தவள், பெரும்பாலும் ஊசி போட்டிருப்பாள். தங்கை 2002. அவளுக்கு முறை வந்தபோது கடிதமே வரவில்லை.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நகோயா நகரம். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்த சங்கம் ‘நீங்களே விசாரியுங்கள்’ என்று நகராட்சியிடம் கேட்டது. 2015இல் சுமார் 70,000 இளம்பெண்களுக்குக் கேள்வித்தாள் போனது, சுமார் 30,000 பேர் பதில் அனுப்பினார்கள். மொத்தம் 24 அறிகுறிகள்: தலைவலி, மாதவிடாய் ஒழுங்கின்மை, கை கால் நடுக்கம், எளிய கணக்குகூடப் போட முடியாமல் போவது வரைக்கும். இந்த ஆய்வின் அழகே, ஊசி போடாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டதுதான். அதைத்தான் டிவியில் யாரும் செய்யவில்லை! பார்த்தால், ஊசி போடாத பெண்களுக்கும் இதே அறிகுறிகள் இருந்தன. ஊசிக்கும் அவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. அந்தச் சிறுமிகள் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி நிஜம். காரணம்தான் ஊசி இல்லை.

சரி, நகராட்சி இதைத் தண்டோரா போட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். முதல் முடிவை வெளியிட்டார்கள், எதிர்ப்பு வந்தது, பிறகு தங்கள் விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெறும் எண்களை மட்டும் வைத்துவிட்டார்கள். முறையான ஆய்வுக் கட்டுரையாக அது வந்தது 2018இல். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இதுதான். வதந்தி டிவியில் வந்தது, பதிலோ அட்டவணையாக வந்தது.

‘தற்காலிகம்’ முடிந்தது எப்போது? 2022 ஏப்ரலில்! கிட்டத்தட்ட 9 வருடம். இதில் 2019 வரையான சரிவால் மட்டும் சுமார் 25,000 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம், 5,000 பேருக்கு மேல் இறக்கலாம் என்று 2020இல் வந்த ஒரு கணிப்பு சொன்னது.

டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் ஊசி போடுவது இதே மாதிரி சரிந்தது. ஆனால் அங்கே சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். அயர்லாந்தில் இந்த நோயோடு போராடிக்கொண்டே ஊசிக்காகப் பேசிய லாரா பிரென்னன், 2019இல் 26 வயதில் இறந்தார். அவர் பேச்சைப் பெற்றோர்கள் கேட்டார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், 2025 ஜூனில் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் இருந்த 17 பேரையும் சுகாதார அமைச்சர் ஒரே அடியாக நீக்கினார். அங்கே அந்தக் குழுவின் பரிந்துரை வெறும் வார்த்தை இல்லை. ஏழைக் குழந்தைகளுக்கு எந்த ஊசி இலவசம், காப்பீடு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய் நான்கும் சேர்ந்து தனியாகப் பரிந்துரை கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஒரு பெற்றோர் இப்போது இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும்.

[திரையில்: 2024 கோடை]

சரி, நம்ம தங்கை என்ன ஆனாள்? விடுபட்டவர்களுக்கு 2025 மார்ச் வரை இலவசம் என்று ஜப்பான் அரசு வாய்ப்புக் கொடுத்தது. கெடு நெருங்கியதும், 2024 கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஊசி பற்றவில்லை! கடைசியில், கெடுவுக்குள் முதல் ஊசி போட்டவர்கள் மீதியை 2026 மார்ச் வரை போட்டுக்கொள்ளலாம் என்று நீட்டித்தார்கள். 12 வயதில் வர வேண்டிய கடிதம், அவளுக்கு 20 வயதில் வந்தது.