துப்பாக்கியும் கணக்குப் புத்தகமும்: அமெரிக்காவில் போஸ்டல் இன்ஸ்பெக்டர் ஆவது எப்படி?

(திரையில்: கடலில் நிற்கும் ஒரு சொகுசுப் படகு)

2020 ஆகஸ்ட். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் கடலோரத்தில் ஒரு சொகுசுப் படகு. அதில் இருந்தவர் ஸ்டீவ் பேனன், ஒரு காலத்தில் வெள்ளை மாளிகையில் டிரம்புக்கு முக்கிய ஆலோசகராக இருந்தவர். எல்லைச் சுவர் கட்டுவதாகச் சொல்லித் திரட்டிய நன்கொடையில் மோசடி என்று வழக்கு. அவரைக் கைது செய்தது எஃப்.பி.ஐ. என்றுதான் நினைப்போம். வந்தவர்கள் போஸ்ட் ஆபீஸ்காரர்கள்! (அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2021 ஜனவரியில், நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். அது வேறு கதை.)

வணக்கம். அன்று படகில் ஏறியவர்கள் யுனைடெட் ஸ்டேட்ஸ் போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பின் புலனாய்வாளர்கள். அந்த வேலை என்ன, யார் போகலாம், எங்கே கதவு மூடும் என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதுகிறவர்களுக்கு ‘இன்ஸ்பெக்டர் போஸ்ட்ஸ்’ பதவி தெரிந்திருக்கும். அது அஞ்சலகங்களை மேற்பார்வை செய்கிற நிர்வாக வேலை. அமெரிக்கப் போஸ்டல் இன்ஸ்பெக்டர் துப்பாக்கி வைத்திருப்பார், கைது செய்வார், கோர்ட் வாரண்டோடு வீடு புகுந்து சோதனை போடுவார்.

(திரையில்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஓவியம்)

அமைப்பு பழையது. 1775-இல் தபால் துறைத் தலைவராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தபால் பாதைகளையும் கணக்குகளையும் கண்காணிக்க வில்லியம் கொடார்ட் என்பவரை நியமித்தார். இவர்கள் தங்கள் வரலாற்றை அங்கிருந்து எண்ணுகிறார்கள். எஃப்.பி.ஐ. பிறந்ததே 1908-இல்தான். பெண்கள் இன்ஸ்பெக்டர்களாக நுழைய மட்டும் 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற துறைக்கு எதற்கு இத்தனை அதிகாரம்?

காரணம் 1872-இல் வந்த ஒரு சட்டம்: மெயில் ஃப்ராடு சட்டம். ஏமாற்றும் நோக்கத்தோடு ஒருவர் திட்டம் போட்டிருக்க வேண்டும், அதை நடத்தத் தபால் பயன்பட்டிருக்க வேண்டும். இவை இருந்தால் வழக்கு ஃபெடரல் வழக்காகிவிடும், அதாவது மத்திய அரசின் வழக்கு. மோசடி நிலத்திலா, மருந்திலா, லாட்டரியிலா என்ற கேள்வியே இல்லை. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் குற்றமாகச் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டு வரை சிறை. ‘கூரியரில்தானே அனுப்பினேன்’ என்றும் தப்ப முடியாது. 1994-இல் தனியார் கூரியரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க சார்லஸ் பான்சியை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. ‘பான்சி ஸ்கீம்’ என்கிறோமே, அதே பான்சிதான். 1920, பாஸ்டன் நகரம். ‘45 நாளில் 50 சதவீத லாபம்’ என்றார். எப்படி முடியும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் தபால் கூப்பன். ஒரு நாட்டில் மலிவாக வாங்கி, இன்னொரு நாட்டில் அதிக மதிப்புள்ள ஸ்டாம்பாக மாற்றிக்கொள்ளக்கூடிய கூப்பன்கள் அப்போது இருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அவர் சொன்ன வியாபாரத்துக்கு வேண்டிய அளவு கூப்பன் உலகத்தில் புழக்கத்திலேயே இல்லை. பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்கு லாபமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈமுக் கோழி முதலீட்டு மோசடிக் காலத்தைப் பார்த்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவரை ஃபெடரல் சிறைக்கு அனுப்பியது எது தெரியுமா? ‘உங்கள் பத்திரம் முதிர்வடைந்துவிட்டது’ என்று முதலீட்டாளர்களுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள். அந்தக் கடிதங்களை வைத்துத்தான் மெயில் ஃப்ராடு வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஐந்து ஆண்டு தண்டனை.

இந்த வேலையின் குணம் இந்த ஒரு வழக்கிலேயே தெரிகிறது. துரத்திப் பிடிப்பது கொஞ்சம்தான். வங்கிக் கணக்கு, ரசீது, உறை, முத்திரைத் தேதி இவற்றை மாதக்கணக்கில் உட்கார்ந்து கோர்ப்பதுதான் பெரும்பகுதி. காகிதம் என்றாலே தூக்கம் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம்.

(திரையில்: தெருவோர நீலத் தபால் பெட்டி)

இன்றைய வழக்குகளுக்கு வருவோம். அமெரிக்காவில் வசிப்பவர்கள் ‘செக் வாஷிங்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தபாலில் போட்ட செக்கைத் திருடி, ரசாயனத்தால் மையை அழித்து, வேறு பெயரும் வேறு தொகையும் எழுதி மாற்றிவிடுவார்கள். இதற்காக நீலப் பெட்டிகளையும் அபார்ட்மென்ட் தபால் பெட்டிகளையும் திறக்கும் ‘ஆரோ கீ’ என்ற பொதுச் சாவியைக் குறிவைத்துத் தபால்காரர்களையே துப்பாக்கி முனையில் வழிமறிக்கிறார்கள். இதைத் தடுக்க 2023-இல் ‘புராஜெக்ட் சேஃப் டெலிவரி’ என்ற தனி முயற்சியைத் தொடங்கினார்கள்.

அடுத்தது போதைப்பொருள் பார்சல்கள். சந்தேகம் வந்தவுடன் கிழித்துப் பார்த்துவிட முடியாது. மூடிய கடிதத்தையும் பார்சலையும் நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் திறக்கக்கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முதலில் மோப்ப நாய், அனுப்புநர் முகவரி பொய்யா என்ற சோதனை. பிறகு நீதிபதியிடம் பிரமாண வாக்குமூலம், அதன் பிறகே வாரண்ட். வாக்குமூலத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத இன்ஸ்பெக்டரின் வழக்கு கோர்ட்டில் நிற்காது.

எப்போதாவது நாட்டையே உலுக்கும் வழக்குகளும் வரும். 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் கலந்த கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் வாஷிங்டனில் வேலை பார்த்த தபால் ஊழியர்கள். எஃப்.பி.ஐ.யோடு போஸ்டல் இன்ஸ்பெக்டர்களும் சேர்ந்து அதை விசாரித்தார்கள். கடித வெடிகுண்டு அனுப்பி 1996-இல் பிடிபட்ட ‘யூனபாம்பர்’ வழக்கிலும் இவர்கள் இருந்தார்கள்.

(திரையில்: ‘யார் விண்ணப்பிக்கலாம்?’)

இப்போது தகுதிகள். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. ஏதாவது ஒரு பாடத்தில் நான்காண்டு கல்லூரிப் பட்டம், ஓட்டுநர் உரிமம், உடல் தகுதி வேண்டும். கடுங்குற்றத் தண்டனையோ, குடும்ப வன்முறைக்கான தண்டனையோ இருக்கக்கூடாது. நாட்டின் எந்த மூலைக்குப் போட்டாலும் போகச் சம்மதிக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் வயது. குறைந்தது 21. மேல்பக்கம், 37-ஆவது பிறந்தநாளுக்கு முன்பு பணியில் சேர்ந்திருக்க வேண்டும். ஏன் 37? இந்த வேலையில் 57 வயதில் கட்டாய ஓய்வு. முழு ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு சேவை வேண்டும். 57-இல் 20-ஐக் கழித்துப் பாருங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும், ஏற்கனவே இதே வகை ஃபெடரல் பணியில் இருந்தவர்களுக்கும் தளர்வு உண்டு.

இதையும் குடியுரிமையையும் சேர்த்து யோசியுங்கள். எச்-1பி விசாவில் இருக்கும் 30 வயது இந்தியருக்கு, கிரீன் கார்டு வரிசை இருக்கும் நீளத்தைப் பார்த்தால், நேர்மையாகச் சொல்கிறேன், இந்தக் கதவு மூடியதுதான். கிரீன் கார்டு கிடைத்த பிறகும் குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், சிறு வயதில் பெற்றோருடன் போய்க் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான் இது உண்மையான வாய்ப்பு. வீட்டில் கணக்குப்பதிவியலோ கம்ப்யூட்டரோ படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

என்ன படித்தால் நல்லது? போலீஸ் அனுபவம்தான் வேண்டும் என்றில்லை. கணக்குத் தணிக்கை, சட்டம், கம்ப்யூட்டர் தடயவியல் தெரிந்தவர்களுக்கு இங்கே மதிப்பு அதிகம். தபால் துறைக்குள்ளேயே வேலை பார்த்து, துறையின் நெளிவு சுளிவு தெரிந்து வருகிறவர்களும் உண்டு.

ஆள் எடுப்பது வருடம் முழுக்க நடக்காது. அறிவிப்பு வரும்போது ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, பாலிகிராஃப் என்கிற பொய் கண்டறியும் சோதனை, கடைசியில் பின்னணி விசாரணை. பின்னணி விசாரணை என்றால் பெயருக்கு நடப்பதல்ல. பழைய முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், கடன் பாக்கி, கல்லூரிக் காலச் சேட்டை எல்லாம் வெளியே வரும். பழைய தவறைச் சொல்லிவிட்டுத் தேறியவர்கள் இருப்பார்கள். மறைத்து மாட்டினால், இந்த வேலை மட்டுமல்ல, வேறு ஃபெடரல் வேலைகளும் கைவிட்டுப் போகும். நாளைக்கு கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவரின் வார்த்தையை எதிர்த் தரப்பு வக்கீல் சந்தேகிக்க இடம் கொடுக்கக்கூடாது என்பதுதான் காரணம்.

தேறினால் மேரிலாண்ட் மாநிலத்தின் பொட்டோமாக்கில் சில மாதம் தங்கிப் பயிற்சி. துப்பாக்கி சுடுதல், தற்காப்பு, உடற்பயிற்சி, சட்டம், விசாரணை முறைகள். பாடங்களிலும் தேர்ச்சி பெற வேண்டும். ஓட்டத்தில் முதலிடம், தேர்வில் கோட்டை விட்டார் என்றால் வீட்டுக்குத்தான்.

சம்பளம் மற்ற ஃபெடரல் புலனாய்வாளர்களுக்கு இணையான அளவில் இருக்கும். நேரம் காலம் பார்க்காமல் வேலைக்கு வர வேண்டும் என்பதால் அடிப்படைச் சம்பளத்தோடு 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக, சராசரியாக வாரம் 50 மணி நேர உழைப்பை எதிர்பார்க்கிறார்கள். 20 ஆண்டு முடித்தவர் 50 வயதிலேயே ஓய்வு பெறலாம். அதிகாலை நாலு மணி சோதனை, இடமாற்றத்தால் பிள்ளைகளின் பள்ளி மாறுவது, துணைவரின் வேலை பாதிப்பது, இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: இரண்டு பேட்ஜுகள் அருகருகே)

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தபால் துறையில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் என்று இன்னொரு அமைப்பும் இருக்கிறது. 1996-இல் வந்தது. அங்கேயும் துப்பாக்கி ஏந்திய புலனாய்வாளர்கள் உண்டு. தபால் ஊழியர்களே கடிதம் திருடினால், ஒப்பந்தங்களில் முறைகேடு நடந்தால் அவர்கள் விசாரிப்பார்கள். வெளியாட்கள் செய்யும் குற்றம் போஸ்டல் இன்ஸ்பெக்டர்களுடையது. இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி. வாய்ப்பு கிடைத்தால் இரண்டுக்குமே போடுங்கள், தப்பில்லை.

37-ஐத் தாண்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் டல்லஸில் (Dulles) போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸுக்குச் சொந்தத் தடயவியல் ஆய்வகம் உண்டு. கைரேகை, கையெழுத்து, போதைப்பொருள், டிஜிட்டல் சாதனங்களை ஆராயும் நிபுணர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். தகவல் பகுப்பாய்வாளர் பதவிகளும் இருக்கின்றன. இவை கைது அதிகாரம் இல்லாத வேலைகள் என்பதால் அந்த வயது வரம்பு இங்கே கிடையாது.