முதல் சுற்றும் தோற்கிற ஊரும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் பள்ளி அணிகளுக்கும் ஊர் அணிகளுக்கும் பல ஆண்டுகள் கால்பந்துப் போட்டி நடத்தியவன் என்பதால், ஐரோப்பிய கிளப்புகளுக்கு இடையிலான, இன்று சாம்பியன்ஸ் லீக் எனப்படும் கோப்பைப் போட்டியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 'கழகம்' என்று சொன்னால் நம் பக்கத்தில் வேறு பொருளாகிவிடும். ஆகவே கிளப் என்றே சொல்லிக்கொள்கிறேன். இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது முதல் சுற்றைப் பற்றி.

தோற்ற அணி உடனே வெளியேறும் நாக் அவுட் முறையில் நாங்கள் நடத்திய போட்டிகளில் பதினாறு அணிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டி, ஒரு எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஒரு முறை வாணியம்பாடிப் பையன்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மைதானத்துக்கு வந்து, ஏழரை மணி ஆட்டத்தில் இறங்கினார்கள். எட்டே முக்காலுக்குத் தோற்றுவிட்டார்கள். வீட்டிலிருந்து கட்டிவந்த இட்லிப் பொட்டலத்தை மைதானத்து வேப்பமரத்தடியில்தான் பிரித்தார்கள். அதைச் சாப்பிடும்போதே அவர்களுக்குப் போட்டி முடிந்துபோயிருந்தது. ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் முறை மீது எனக்குள்ள மனக்குறை அன்று தொடங்கியது.

ஐரோப்பாவில் இந்தக் கோப்பையைத் தொடங்கியவர்கள் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணி ஹங்கேரியின் ஹொன்வேத் அணியை 3-2 என்று வென்றதும், உலகின் முதன்மை அணி இதுதான் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. பாரிஸில் 'லெக்கிப்' விளையாட்டு நாளிதழின் கேப்ரியல் ஆனோ, சொந்த ஊரில் ஜெயித்தால் போதாது, மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஜெயித்துக் காட்டட்டும் என்ற பொருளில் பதில் எழுதினார். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஊரிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, கோல்களைக் கூட்டிப் பார்த்து வெற்றியை முடிவு செய்யும் முறைக்கு இந்தக் கோப்பைக்கு விதையான அந்தப் பதிலிலேயே நியாயம் இருந்தது. 1955 செப்டம்பர் 4 அன்று லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் அணியும் யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் அணியும் 3-3 என்று சமன் செய்ததுதான் முதல் ஆட்டம். முதல் சுற்று ஜோடிகளை ஏற்பாட்டாளர்களே அமைத்தார்கள்; குலுக்கல் அடுத்த சுற்றிலிருந்துதான். அதாவது, நம் சொம்பு அவர்களிடம் அப்போது இல்லை. இங்கிலாந்தின் சாம்பியனான செல்சி, அந்நாட்டு லீக் நிர்வாகம் தடுத்ததால் விலகிக்கொண்டது. அந்த இடத்துக்கு வார்சாவின் குவார்டியா அணி வந்தது. பதினாறு அணிகள் ஆடிய மொத்தம் 29 ஆட்டங்களில் முதல் சுற்றுக்கு மட்டும் 16. பாதிக்கு மேற்பட்ட போட்டி, பெரும்பாலோர் மறந்துவிட்ட அந்தச் சுற்றிலேயே நடந்து முடிந்தது.

அந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி மிலானும் சார்புரூக்கனும். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையே, அன்று தனி ஆட்சிப் பகுதியாக இருந்த சார் நிலத்தின் அணி சார்புரூக்கன். அந்த நிலத்தின் எதிர்காலம் குறித்து மக்கள் வாக்களித்து ஒன்பதே நாள் ஆகியிருந்த 1955 நவம்பர் 1 அன்று, அந்த அணி மிலான் நகருக்கே சென்று 4-3 என்று ஜெயித்தது. ஒரே ஆட்டம் என்றிருந்தால் மிலான் அங்கேயே வெளியேறியிருக்கும். ஆனால் சார்புரூக்கனுக்குச் சென்ற மிலான் 4-1 என்று வென்று, கூட்டுத்தொகையில் 7-5 என முன்னேறியது. இந்த முறை பெரிய அணிக்குத்தானே உதவியது என்று நீங்கள் கேட்கலாம். உதவியது, உண்மைதான். ஆனால் மிலான் அணியை நேரில் பார்க்கும் மாலை ஒன்று சார்புரூக்கன் மக்களுக்குக் கிடைத்ததும் இந்த முறையால்தான்.

இதைவிட அழுத்தமான சான்று 1968-இல் இருக்கிறது. அந்த மே மாதம் வெம்ப்ளியில் இறுதி ஆட்டம் வரை வந்திருந்த லிஸ்பன் நகரின் பென்பிகா அணி, தன் நட்சத்திர வீரர் யூசேபியோவுடன், செப்டம்பரில் முதல் சுற்று ஆட்டத்துக்காக ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரத்தில் இறங்கியது. எதிரணி வாலூர். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அன்று ஏறத்தாழ இரண்டு லட்சம். மைதானத்துக்கு வந்தவர்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல். நாட்டில் பதினொருவருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 0-0 என முடிந்தது. பிறகு லிஸ்பனில் வாலூர் 8-1 என்று தோற்றது. எனக்கு அந்த எட்டு பெரிதாகப் படவில்லை.

சீட்டு எப்படி வேண்டுமானாலும் விழும் என்பதால் பெரியவர்களும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார்கள். 1977, 1978 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற லிவர்பூல், 1978 செப்டம்பரில் தன் நாட்டு அணியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் 2-0, 0-0 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது; பிரையன் கிளஃப் பயிற்றுவித்த ஃபாரஸ்ட் 1979-இல் முடிந்த அந்தப் போட்டியின் கோப்பையையே வென்றது. 1987-இல் ரியல் மாட்ரிட்டுக்கும் மரடோனாவின் நபோலிக்கும் முதல் சுற்றிலேயே சீட்டு விழுந்தது. முந்தைய ஆண்டு ரசிகர்கள் செய்த கலாட்டாவுக்குத் தண்டனையாக, மாட்ரிட் ஆட்டம் பார்வையாளர் இல்லாத வெற்று அரங்கில் நடந்தது. மாட்ரிட் 2-0 என்று வென்றது, நேப்பிள்ஸில் 1-1, மரடோனா செப்டம்பரோடு வீட்டுக்குப் போனார். இத்தனை பெரிய வருமானம் இத்தனை சீக்கிரம் போவதைப் பெரிய கிளப்புகள் எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? 1991-92-இல் கடைசி எட்டு அணிகளுக்குக் குழு ஆட்டங்கள் வந்தன. அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் என்று பெயரும் மாறியது. 2024-25 முதல் 36 அணிகள் தலா எட்டு ஆட்டம் ஆடுகின்றன. நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பார்க்கும் நம் பையன்களுக்கு ஆட்டங்கள் கூடியிருக்கின்றன. சீட்டின் பயம் குறைந்திருக்கிறது. முதல் சுற்றையே இரண்டு ஊரிலும் ஆடி ஒருவர் தோற்கும் பழைய முறை ஜூலை மாதத் தகுதிச் சுற்றுகளில்தான் மிச்சமிருக்கிறது. ஐஸ்லாந்து, மால்டா போன்ற நாடுகளின் சாம்பியன்கள் அங்கே இன்றும் இரண்டு ஊரிலும் ஆடுகிறார்கள்.

வாணியம்பாடி இட்லிப் பொட்டலம் மனதை விட்டுப் போகாததால், ஓர் ஆண்டு மட்டும் எங்கள் போட்டியின் முதல் சுற்றை இரண்டு ஆட்டமாக நடத்திப் பார்த்தோம். ஆம்பூர் அணி வேலூரில் 4-0 என்று தோற்றது. அடுத்த ஞாயிறு ஆம்பூரில், ஷூ கம்பெனிகளுக்கு விடுமுறை நாள் என்பதால், கோட்டுக்கு வெளியே கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஆம்பூர் 2-1 என்று ஜெயித்தது. இரண்டாவது கோல் போட்ட பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை வந்துவிட்டார்கள். கடைக்காரர் என்னிடம், "ஜெயிச்சுட்டாங்களே சார், அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டார். நான் நான்கும் ஒன்றும் ஐந்து என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தோளில் இருந்த பையனிடம் தேநீர் டம்ளரை நீட்டினார்.

நன்றி, வணக்கம்.