சுமைதாங்கிக் கல்லும் சிறகு முளைத்த யாளியும்

(மதுரையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அவைத் தலைவர் ஐயா என்னை அறிமுகப்படுத்தும்போது "ஓய்வுபெற்ற தாசில்தார்" என்றார். நான் ஓய்வுபெற்ற நில அளவர். 34 ஆண்டுகள் சங்கிலி இழுத்தும் அரசு கொடுக்காத பதவி உயர்வை அரை நிமிடத்தில் கொடுத்துவிட்ட அவருக்கு நன்றி. துணைத் தலைவர் அம்மையாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். "வீடியோ கேமுக்கு எல்லாம் ஒரு சொற்பொழிவா?" என்று செயற்குழுவில் முணுமுணுப்பு எழுந்தபோது, "பேசிவிட்டுப் போகட்டுமே" என்று முடித்துவைத்தவர் அவர். பொன்னாடை போர்த்திய ஜவுளிக்கடை அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு பேச என்னால் முடியவில்லை, நாற்காலிக்குப் போர்த்தியிருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தலைமை ஆசிரியர் ஐயா தம் நேரத்தோடு என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டார். அவர் என் ஆசிரியர். எடுத்துக்கொள்ளலாம்.

இன்று ஐந்து செய்திகள் சொல்ல உத்தேசம்: விளையாட்டின் உலகம், அதன் போர், துணைவர்கள், கதை, வணிகம்.

விளையாட்டின் பெயர் 'டிராகன்ஸ் டாக்மா 2'. ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்டது. முதல் பாகம் 2012-இல் வந்தது. இரண்டாம் பாகம் 2024 மார்ச் 22-இல். நடுவில் ஏறக்குறைய 12 ஆண்டுகள், ஒரு குறிஞ்சி பூக்கும் காலம். இரண்டையும் இயக்கியவர் ஹிடெயாக்கி இட்சுனோ. என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: "பதறாத காரியம் சிதறாது." இந்த விளையாட்டின் நல்லதும் கெட்டதும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் பேரன் இதை விளையாடினான். நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. பாதி நேரம் கருவி என் கையில்தான் இருந்தது.

கதாநாயகனின் இதயத்தை ஒரு டிராகன் பிடுங்கி விழுங்கிவிடுகிறது. இதயமில்லாத அந்த ஆள் நாடு முழுக்க நடக்கிறான். அழுத்தம் 'நடக்கிறான்' என்பதில். மற்ற விளையாட்டுகளில் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் கண்மூடித் திறப்பதற்குள் அங்கே நிற்கலாம். இங்கே அப்படிப் போவதற்கு ஒரு மந்திரக் கல் வேண்டும், ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும், விலையும் அதிகம். பயணம் சலிக்கிறது என்றால் குற்றம் பயணத்தில் இல்லை, அதைச் சலிப்பாகச் செய்துவைத்த விளையாட்டில்தான் என்ற பொருளில் இட்சுனோ ஒரு பேட்டியில் சொன்னார். நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். நம் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வருகிறார். அவரிடம் இல்லாத மந்திரமா? மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்றுதானே வருகிறார்!

சுமைக்கு எடை உண்டு என்பதும் என் மனதுக்குப் பிடித்தது. எடுத்ததையெல்லாம் மூட்டை கட்டினால் கால் தளரும். அடிபட அடிபட, உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் கோட்டின் உச்சமே தேய்ந்துகொண்டு வரும். சாதாரண மருந்தால் அதை மீட்க முடியாது. சத்திரத்திலோ, வழியில் கூடாரம் அடித்தோ தூங்கினால்தான் திரும்பும். அந்தக் கூடாரச் சாமானையும் சுமந்துதான் போக வேண்டும். இரவு என்றால் மை இருட்டு. இடுப்பு விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூடாரத்தில் இறைச்சி வாட்டும் காட்சி மட்டும் வரைந்ததன்று, உண்மையான இறைச்சியைப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். கொழுப்பு உருகிச் சட்டியில் பொரிகிறது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் வீட்டில் சமையல்?" என்றார்.

இதில் மாட்டு வண்டியும் உண்டு. ஊருக்கு ஊர் போகும். காசு கொடுத்து ஏறி உட்கார்ந்து கண்ணயரலாம். பேரன் கண்ணயர்ந்தான். நடுவழியில் விழித்தால் மேலிருந்து ஒரு நிழல். கழுகுத் தலை, சிங்க உடம்பு, பெரிய சிறகு. கிரிஃபின் என்கிறார்கள். புதுமண்டபத்துத் தூணில் நிற்கும் யாளிக்குச் சிறகு முளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மேலேயே இறங்கிவிட்டது. வண்டி சுக்குநூறு. பேரன் தலையில் கை வைத்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1968. எனக்கு எட்டு வயது. மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூண்டு வண்டி கட்டினோம். மயிலைக் காளை ஒன்று, செவலைக் காளை ஒன்று. வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு. உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்துப் பாட்டி, அம்மா, இரண்டு அத்தைகள், பிள்ளைகள் ஆறு பேர், ஒரு தூக்குவாளி புளியோதரை. ஓட்டியவர் என் தாய்மாமா. "விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிடுகிறேன்" என்று புறப்பட்ட வேகத்தில் தலைப்பாகையைக்கூட மறந்துவிட்டார். "பதறாதே அப்பா" என்று பாட்டி சொன்னார். யார் கேட்டார்கள்?

நள்ளிரவில் ஓர் ஊருணிக்கரை. அங்கே ஒரு சுமைதாங்கிக் கல். மாமா காளைகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். வண்டியைத் தள்ளித் திருப்பி மரத்தடியில் விட்டார். அந்தக் கல்லில் சாய்ந்து ஒரு பீடி பிடித்தார். பிறகு அவசர அவசரமாகக் காளைகளைப் பூட்டினார். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதை அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அவரும் தூங்கிவிட்டார். உள்ளே பத்துப் பேரும் தூக்கம். காளைகள் மட்டும் விழித்திருந்தன. இதுவரை காட்டாத வேகத்தில் ஓடின. மணிச்சத்தம் நின்று பாட்டி கண்விழித்து, "ஆறு வந்துவிட்டதா?" என்று தலையை நீட்டினார். எதிரே ஒரு வாசல். வாசலில் ஒரு கோலம். முந்திய நாள் அவர் கையால் போட்ட கோலம்! செவலை எங்கள் தொழுவத்துக்குள் தலையை விட்டு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாச்சி சாணம் தெளிக்க வந்தவர், "அழகரைச் சேவித்துவிட்டு அதற்குள் திரும்பிவிட்டீர்களா?" என்று கேட்டார். மாமா அதன்பின் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. பாட்டி ஒன்றும் திட்டவில்லை. பழமொழியை ஒரு முறை சொன்னார், கஞ்சி காய்ச்சினார், மாலையில் மறுபடி வண்டி கட்டச் சொன்னார். ஆற்றில் இறங்குவதைத் தவறவிட்டோம். தசாவதாரக் காட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். விரைந்து போகிறேன். பதறாமல் விரைந்து போகிறேன்.

போர் நன்றாக இருக்கிறது. பூதத்தின் கால் வழியே ஏறிக் கண்ணில் குத்தலாம். ஆனால் எத்தனை காதம் நடந்தாலும் வருவது அதே கோப்ளின் என்னும் குட்டிப் பூதக் கூட்டம், அதே ஓநாய், அதே பல்லி மனிதர்கள். உலகம் முதல் பாகத்தைப் போல நான்கு மடங்கு என்றார்கள். நிலத்தை விரித்தவர்கள் அதில் குடியேற்றப் புதுப் பகைவர்களைப் போதிய அளவு படைக்கவில்லை. பட்டா பெரிது, விளைச்சல் சிறிது.

துணைவர்களைப் 'பான்' என்கிறார்கள். வேறொரு வீட்டில் வேறொருவர் உருவாக்கிய துணைவன் நமக்கு வழிகாட்ட வருவான், இங்கே கற்றதைத் தன் எசமானிடம் கொண்டுபோவான். அருமையான ஏற்பாடு. சொன்னதையே சொல்கிறார்கள் என்பது குறை. அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர்களுக்கு ஒரு நோயும் வரும். தலையைப் பிடித்துக்கொள்வான், சொல் கேட்கமாட்டான், கண் சிவக்கும். கவனிக்காமல் சத்திரத்தில் படுத்தால் விடியும்போது ஊரே பிணம். பேரனுக்கு அப்படி ஓர் ஊர் அழிந்தது. பழைய நிலைக்கு எளிதில் திரும்பவும் வழியில்லை. எனக்கு இது பிடித்தது, அவனுக்குப் பிடிக்கவில்லை. பின்னால் வந்த திருத்தத்தில் நோய் பரவுவதைக் குறைத்துவிட்டார்கள்.

கதை பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிற்பகுதியில் என் மாமா வண்டி போல ஓடுகிறது.

வணிகம். 12 ஆண்டு பொறுத்தவர்கள் கடைசி நேரத்தில் பதறினார்கள். விளையாட்டில் வரும் தலைநகரத்துக்குள் நுழைந்தால் கணினி திணறியது. நூற்றுக்கணக்கான ஊர்மக்களின் நடமாட்டத்தைக் கணக்கிடும் பாரம் அதற்கு. ஊராரை வெட்டிக் குறைத்தால் வேகம் கூடுமா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு! அதோடு, முழு விலை கொடுத்து வாங்கியவரிடம் மந்திரக் கல் கொண்டுசேர்க்கும் இடத்தைக் குறிக்கும் படிகத்துக்கும் முகத்தை மாற்றும் ஏட்டுக்கும் தனிக் காசு என்று வெளியீட்டு நாளிலேயே கடை விரித்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே அவை கிடைக்கும்தான். இருந்தாலும் பந்தியில் உட்கார்ந்தவரிடம் ஊறுகாய்க்குக் காசு கேட்டால் கோபம் வராதா? வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இனி நான் உண்மையில் பேச வந்ததைப் பேசுகிறேன். ஜப்பானில் உட்கார்ந்து ஒருவர், நடப்பவனுக்குச் சுமை உண்டு, அதை இறக்கி இளைப்பாற இடம் வேண்டும் என்று யோசித்து வழியெங்கும் கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கியிருக்கிறார். நம்மவர்கள் அதை எப்போதோ கல்லில் செய்தார்கள். இரண்டு தூண், குறுக்கே ஒரு பலகைக்கல், தலைச்சுமைக்காரர் யார் துணையுமின்றி இறக்கி ஏற்றும் உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்காத சுமையை ஊரார் இறக்கட்டும் என்று நட்ட கல். மாமா சாய்ந்து பீடி பிடித்த கல்லும் அப்படிப்பட்டதுதான். மூட்டைகள் உரசி உரசி அதன் நடுப்பகுதி அம்மிபோல வழவழத்திருக்கும்.

போன ஆண்டு அந்த வழியே போனேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பலகைக்கல் இரண்டாக உடைந்து வாய்க்காலில் கிடந்தது. ஒரு பாதியின் மேல் ஏறி நின்று ஒரு பையன் கைகழுவிக்கொண்டிருந்தான். அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 34 ஆண்டுகள் எல்லைக் கல் நட்டவன் நான். ஒரு கல்லைப் பத்தடி நகர்த்தி நட எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். நான்கு ஆள், ஒரு கடப்பாரை, அரை நாள்.

மதுரையைச் சுற்றி இன்னும் நிற்கும் சுமைதாங்கிகளைக் கணக்கெடுத்து, சாலை வேலைக்கு முன்பே பெயர்த்து ஓரத்தில் நடவேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால், அது எந்தச் சாலையில், எந்த ஊருக்கு எவ்வளவு தூரத்தில் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மனு வாசலில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான் இருக்கிறது. அது தலைவர் ஐயாவுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.