தளம் காலியானபோது செம்பவாங்

நேயர்களுக்கு வணக்கம்.

1968 ஜனவரி 16 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் லண்டனில் ஓர் அறிவிப்பைச் செய்தார். 1971 முடிவதற்குள் தங்கள் படைகள் சிங்கப்பூரை விட்டுப் போய்விடும் என்றார். பவுண்டின் மதிப்பைக் குறைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லாத வீடு முதலில் வெளியூர்ச் செலவைத்தானே வெட்டும்! ஆனால் அந்தச் செலவுதான் இங்கே பலருக்குச் சம்பளம். அப்போது சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ குவான் இயூ சொன்ன கணக்குப்படி, நாட்டு வருமானத்தில் சுமார் 20 விழுக்காடு பிரிட்டிஷ் படைத் தளங்களை நம்பியிருந்தது. நேரடியாக 30,000 பேருக்கு மேல் வேலை, அதைச் சார்ந்து இன்னும் 40,000 பேர்.

சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளத்தை 'நேவல் பேஸ்' என்பார்கள். அங்கே தமிழர்களும் மலையாளிகளும் நிறைய. கன்பரா ரோட்டருகே அவர்கள் மரத்தடியில் தொடங்கிய பாலசுப்பிரமணியர் கோயில்தான் இன்று யீஷூனில் இருக்கிறது.

அரசாங்கம் கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. தளங்களை என்ன செய்வது என்று பார்க்கத் தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள். 1968லேயே கப்பல் பட்டறை பெயருக்கு ஒரு வெள்ளி (டாலர்) விலையில் கைமாறி, செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. நிர்வாகத்தை ஸ்வான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பார்த்துக்கொண்டது. 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் உலர்துறை (கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் இடம்) பெரிய போர்க்கப்பல்களுக்காகக் கட்டியது. அதே இடத்தில் இப்போது வணிகக் கப்பல்கள் ஏறின. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் கை பழகிய வேலைதான், அவசரம்தான் புதிது. வணிகக் கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் முதலாளிக்கு நஷ்டம்.

சிரமப்பட்டவர்கள் குமாஸ்தா, ஸ்டோர்கீப்பர், காவலாளி போன்றவர்கள். இவர்களுக்காகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி நடத்தி, உலோக வேலைகள் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல வருஷம் பேரேடு எழுதிய நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் அரத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். பயிற்சியை விடப் பெரிய உதவி, ஜூரோங்கில் தொழிற்சாலைகள் அதே நேரத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தது என்பது என் கருத்து. வேலை இல்லாத ஊரில் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடுகளில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள் விஷயம் வேறு. முதலாளி குடும்பம் கப்பலேறினால் அவர்கள் வேலையும் போச்சு. வாசலுக்கு வெளியே கடை வைத்திருந்த தையல்காரருக்கு யார் பயிற்சி கொடுப்பது? வாடிக்கையாளர்தானே போய்விட்டார்.

அப்புறம், குடியுரிமை இல்லாதவர்கள். 1965க்குப் பிறகு அவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. புது வேலைகளில் குடிமக்களுக்கே முன்னுரிமை. குடும்பத்தைக் கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ விட்டுவிட்டு, மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சிங்கப்பூரின் மறுபயிற்சிக் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.