மீதியான துணிக்கைகள்

மேதகு பேராயர் அவர்களே, பள்ளித் தாளாளர் அருட்தந்தை அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். வேறொரு நிகழ்ச்சி காத்திருந்தும் "உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டே போகிறேன்" என்று அமர்ந்திருக்கிறார் பேராயர். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு நன்றி. யாரையாவது சொல்லாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவப் பள்ளியும் காலநிலை நடவடிக்கையும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. வேதம், பாடம், வளாகம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், மனிதனைத் தோட்டத்தில் வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" என்று இருக்கிறது. பண்படுத்தும் வேலையை நாம் அளவுக்கு மீறியே செய்துவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். லேவியராகமம் 25இல் ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நாம் நிலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கொடுப்பதில்லை!

சரி, ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆராதனையில், ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு ஐயாயிரம் பேரைப் பசியாற்றிய அற்புதம் பற்றிப் பிரசங்கம். மதியம் பார்த்தால், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குப்பைத்தொட்டி பக்கத்தில் கூடையோடு நிற்கிறான். கொட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் "இதில் போடு" என்கிறான். பெரிய பையன்கள் சிரிக்கிறார்கள். ஓர் ஆசிரியர், பாவம் பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது என்று தன் சாப்பாட்டையே நீட்டுகிறார். இன்னொருவர் ஒழுங்கீனம் என்று காதைப் பிடித்துத் தலைமையாசிரியர் அறைக்கு இழுத்துப் போகிறார். அவனோடு கூடையும் போகிறது. அம்மாவுக்குத் தகவல் போய், அவரும் பதறி ஓடிவருகிறார். "ஏன்டா இப்படி?" என்றால் பையன் சொல்கிறான்: "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள்னு ஆண்டவர் சொன்னார்னு காலையில நீங்கதானே சார் வாசிச்சீங்க? பன்னிரண்டு கூடை எடுத்தாங்களாம். நம்ம ஸ்கூல்ல ஒண்ணுகூட இல்ல!" பிரசங்கம் செய்தவர் அந்தத் தலைமையாசிரியரேதான். அறையில் அப்புறம் யாரும் பேசவில்லை.

யோவான் ஆறாம் அதிகாரத்தில் அற்புதத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! மிச்சத்தைப் பற்றி ஒன்றாவது கேட்டிருக்கிறோமா? ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி, 2022இல் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். இது குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஆகவே நான் எந்த மேடை ஏறினாலும் கேட்பது ஒன்றுதான்: பள்ளிக்கு ஒரு உரக்குழி. சூரியத்தகடு, மரக்கன்று எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றைப் பெரியவர்கள் வாங்கிக் கொடுத்துவிடலாம். எச்சில் தட்டைத் தினம் எடைபோட்டுப் பலகையில் எழுதுவது பிள்ளைகளின் வேலை. எழுத எழுத எடை குறையும், ஏனென்றால் கொட்டும் கைக்குக் கூச்சம் வந்துவிடும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பதை அதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது.

குழி பெரிய வித்தை இல்லை. உணவுக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, அடிக்கடி ஒரு புரட்டல். நாற்றம் அடித்தால் காற்றுப் போதவில்லை, சருகைக் கூட்டுங்கள். அதனால் சருகை எரிக்காதீர்கள், தோட்டக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

பாடம், வளாகம் இரண்டையும் பேச நேரமில்லை என்று தாளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மன்னிக்க வேண்டும் தந்தையே, ஒரே ஒரு விண்ணப்பம். 1989இல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபையின் தலைவர் திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். இன்று பல சபைகள் அந்த நாள் முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலமாக அனுசரிக்கின்றன. நம் பள்ளியும் அதை அனுசரிக்கட்டும். முதல் நாள் ஜெபம் முடிந்ததும் பேராயர் அவர்கள் மண்வெட்டி பிடிக்கட்டும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பத்தடி இடம் மட்டும் தாளாளர் ஒதுக்கித் தரவேண்டும். தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.